புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ராத்திரியில் மட்டும் அணைந்துபோகிறது, என்ன காரணம்?

தாம்வே டீச்சர் (யாங்கோன்):

எல்லோருக்கும் வணக்கம். நான் யாங்கோனில் தாம்வே பக்கம் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நேரில் வர முடியாத பிள்ளைகள் நிறைய. பெகு பக்கம், தட்டோன் பக்கம் கிராமங்களில் இருக்கிற குடும்பங்கள் எங்கள் பிள்ளைக்கும் அனுப்புங்கள் என்று கேட்கக் கேட்க, பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்ப ஆரம்பித்தேன். போனிலேயே வெட்டி ஒட்டியது போதவில்லை. சீட்டு எடுத்த பணத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குப் பாகம் பாகமாக வாங்கி, அக்கா மகனும் நானும் வீட்டிலேயே உட்கார்ந்து பூட்டினோம்.

உள்ளே இருப்பது இன்டெல் ஐ5 12400எஃப், பெட்டியோடு வந்த ஃபேன், 16 ஜிபி ராம் (எட்டு எட்டாக இரண்டு), 500 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. எல்லாம் புதுசு. விண்டோஸ் 11. வீடியோ வேலைக்கு டாவின்சி ரிசால்வ்.

வீடியோவை ரெண்டர் போட்டால், அதாவது வெட்டி ஒட்டியதை ஒரே ஃபைலாக எடுக்கப் போட்டால், பாதியில் மிஷின் அப்படியே அணைந்துவிடுகிறது. நீலத் திரை வருவதில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை, ஃபேன் முதல் கீபோர்டு விளக்கு வரை ஒரே நொடியில் போய்விடும். சில ராத்திரி ஒரே பாடத்துக்குள் திரும்பத் திரும்ப அணையும், சில ராத்திரி ஒன்றுமே நடக்காது. டைப் அடிக்கும்போதோ படம் பார்க்கும்போதோ அணைந்ததே கிடையாது.

வாங்கின கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எங்கள் வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் இல்லை, அக்கா மகன்தான் பாவம் சுமந்தான். அங்கே பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள், ஒரு தடவைகூட அணையவில்லை. மிஷினில் கோளாறு இல்லை, விண்டோஸைத் திரும்பப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போட்டோம். அன்றைக்கு ராத்திரியே மறுபடி அணைந்தது.

கரண்டு இங்கே முறை வைத்துத்தான் வருகிறது, எல்லோருக்கும் தெரியும். எனக்கு வேலை, சமையல் எல்லாம் முடிந்து உட்காருகிற நேரத்தில் கரண்டும் இருந்தால் அப்போதுதான் ரெண்டர். வோல்டேஜ் குறைவாக வருகிற வீடு என்பதால் ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரையும் அதில்தான் மாட்டியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரின் உள்விவரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பொறுமையாகப் பார்த்து எழுதுவேன். உயிர்மெய் வரிசை முழுவதையும் ஆடி பிறப்பதற்குள் அனுப்புகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். உதவி செய்யுங்கள்.


பெகு பையன்:

வணக்கம் டீச்சர். ரெண்டர் போட்டால் மட்டும் அணைகிறது என்றால் முதலில் சூட்டைப் பாருங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் ஃபேனுக்கு நாலு மூலையிலும் பிளாஸ்டிக் பின் இருக்கும், அழுத்தினால் டிக்கென்று உட்கார வேண்டும். புதிதாகப் பூட்டுகிறவர்கள் வீட்டில் நான் பார்த்தவரை மூன்று உட்கார்ந்து நாலாவது பாதியில் நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மதர்போர்டுக்குப் பின்பக்கம் பார்த்தால் நாலு பின்னின் கறுப்பு முனையும் போர்டைத் தாண்டி வெளியே வந்திருக்க வேண்டும்.

எச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. அதில் லாகிங் என்பதை ஆன் செய்து வைத்தால் டெம்பரேச்சரை விடாமல் ஒரு ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். மிஷின் அணைந்தாலும் கடைசி வரி வரை ஃபைலில் இருக்கும். அதைப் பாருங்கள்.

சூடு சரியாக இருந்தால் என் கணக்கில் பவர் சப்ளைதான். 3060 போட்டுவிட்டு 550 வாட் கொஞ்சம் இறுக்கம். 750 வாட்டாக மாற்றிவிடுங்கள்.


தாம்வே டீச்சர்:

நன்றி தம்பி. நேற்று ராத்திரி நீங்கள் சொன்னபடி லாகிங் போட்டு ரெண்டர் ஓட்டினேன், பாதியில் அணைந்தது. ஃபைலின் கடைசி வரியில் பிராசஸர் 66 டிகிரி, கிராஃபிக்ஸ் கார்டு 69 டிகிரி. பின்பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம், நாலு முனையும் வெளியே வந்து விரிந்திருக்கின்றன.

750 வாட் வாங்க இப்போது கையில் பணம் இல்லை. அதுதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் எப்படியாவது புரட்டுகிறேன்.


சிரியம் வாசி:

அக்கா, புது மிஷின் என்பதால் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். மதர்போர்டை வைக்கிற பித்தளைக் குமிழ்கள் பெட்டியில் கூடுதலாக ஏதாவது மாட்டி, போர்டின் அடியில் எங்காவது இடிக்கிறதா? முன்பக்க பவர் பட்டன் பாதி அழுந்திய நிலையில் சிக்கிக்கொள்கிறதா? பட்டன் நாலைந்து நொடி அழுந்தியே இருந்தால் மிஷின் நீங்கள் சொல்கிற மாதிரியே சத்தமில்லாமல் அணையும். பட்டன் ஒயரைப் போர்டில் இருந்து பிடுங்கிவிட்டு, ஆன் செய்யும்போது மட்டும் அந்த இரண்டு முள்ளையும் ஸ்க்ரூடிரைவரால் ஒரு தடவை தொட்டு எடுங்கள். அப்படி ஓட்டியும் அணைந்தால் பட்டன் காரணமில்லை.

கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.


தாம்வே டீச்சர்:

பட்டன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினோம், அப்படியும் அணைந்தது. குமிழ்களை எண்ணிப் பார்த்தோம், ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும்தான் இருக்கின்றன. கார்டைக் கழற்றினால் திரையில் ஒன்றும் வராது. எஃப் என்று முடிகிற பிராசஸரில் படம் காட்டுகிற பகுதி இல்லை என்று வாங்கும்போதே கடையில் சொன்னார்கள்.


மோல்மேன் மெக்கானிக்:

வணக்கம் டீச்சரம்மா. நான் மோல்மேனில் ஸ்டெபிலைசர், இன்வெர்ட்டர், சார்ஜர் ரிப்பேர் பார்க்கிறவன். காயில் சுற்றுகிற வேலையில் தொடங்கிய ஆள். கம்ப்யூட்டர் என் நேரடித் தொழில் இல்லை, ஆனால் கம்ப்யூட்டருக்குப் போகிற கரண்டு என் தொழில். அந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன்.

தயவுசெய்து புது பவர் சப்ளை வாங்காதீர்கள், இப்போதைக்கு. தம்பி நல்ல எண்ணத்தில் சொல்கிறார், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12400எஃப் டர்போவில் ஏறினால் இன்டெல் சொல்லும் உச்சம் 117 வாட். 3060 கார்டு 170 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக ஐம்பது வாட் வையுங்கள். 340க்குள் முடிந்துவிடுகிறது. 3060க்கு என்விடியா சிபாரிசு செய்வதே 550 வாட்தான்.

சூடும் காரணமில்லை என்று உங்கள் ஃபைல் சொல்லிவிட்டது. இந்தக் காலத்து பிராசஸர் சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 12400க்கு அந்த எல்லை 100 டிகிரி. 66 டிகிரியில் அதற்கு ஒரு கவலையும் இல்லை.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது இரண்டு. கடையில் பகல் முழுக்க ஓடியிருக்கிறது. வீட்டில் ராத்திரி அணைகிறது. மிஷின் அதேதான், பவர் சப்ளையும் அதேதான், மாறியது சுவர்ப் பிளக். அதனால் சில கேள்விகள்.

அணைந்த பிறகு முன்பட்டனை அழுத்தினால் உடனே ஆன் ஆகிறதா? இல்லை, பின்னால் பவர் சப்ளையில் இருக்கிற சுவிட்சை ஒரு தடவை அணைத்துப் போட்டால்தான் ஆன் ஆகிறதா? இது முக்கியம். பவர் சப்ளை தன் பாதுகாப்புக்காகத் தானே அணைந்தால், அதாவது ஷார்ட், அதிக லோடு மாதிரி, பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும், பின்சுவிட்சை அணைத்துப் போடுகிற வரை எழுந்திருக்காது.

விண்டோஸில் இவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போய், அணைந்த நேரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிற லேபிளில் இன்புட் என்ற வரியை அப்படியே எழுதி அனுப்புங்கள்.

ஸ்டெபிலைசரில் முள் காட்டும் டயல் இருக்கிறதா? ரெண்டர் ஓடும் நேரத்தில் இன்புட் எவ்வளவு காட்டுகிறது? அது வேலை செய்யும்போது சத்தம் வருமா?


தாம்வே டீச்சர்:

அண்ணே, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறேன்.

முன்பட்டனை அழுத்தினால் உடனே ஆன் ஆகிறது. பின்சுவிட்சைத் தொட வேண்டிய தேவையே வந்ததில்லை. சில சமயம் நாங்கள் அழுத்துவதற்கு முன்னால் தானாகவே ஆன் ஆகிவிடும்.

இவென்ட் வியூவரில் சிவப்புக் குறியோடு கெர்னல்-பவர், எண் 41 என்று நிறைய இருக்கின்றன. உள்ளே திறந்தால் பக்செக்கோட் என்ற இடத்தில் 0.

லேபிளில் இன்புட் 100-240 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது.

டயல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் இன்புட் காட்டும். பகலில் கரண்டு இருக்கும்போது 205, 210 காட்டியது. ராத்திரி, பக்கத்து வீடுகளில் எல்லாம் மோட்டாரும் ஏசியும் ஓடுகிற நேரத்தில், 170க்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டே இருக்கிறது. சத்தம் வரும். டக், டக் என்று உள்ளே ஏதோ மாறுகிற சத்தம், கரண்டு மோசமான நேரத்தில் அடிக்கடி.


மோல்மேன் மெக்கானிக்:

டீச்சரம்மா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பாதி விஷயம் தெளிவாகிவிட்டது.

41ம் அதற்குள் 0ம் என்றால், விண்டோஸுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் கரண்டு காலடியில் இருந்து போய்விட்டது என்று பொருள். விண்டோஸ் தானே விழுந்திருந்தால் அந்த இடத்தில் வேறு எண் இருக்கும். அப்படியானால் விண்டோஸைத் திரும்பப் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பட்டனிலேயே எழுந்திருக்கிறது என்பதால் பவர் சப்ளை பாதுகாப்புக்காகப் பூட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அதற்கு வர வேண்டிய கரண்டு ஒரு கணம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த டக் சத்தம் ரிலே. உங்கள் ஸ்டெபிலைசருக்குள் ஒரு காயில் இருக்கும். அதில் இருந்து மூன்று நாலு ஒயர் வெளியே வரும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு வோல்டேஜைத் தூக்கும். இன்புட் குறைந்தால் ரிலே ஒரு ஒயரை விட்டு அடுத்த ஒயருக்குத் தாவும். இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டால் காயில் எரிந்துவிடும் என்பதால், முதலில் விட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடும். அந்த இடைவெளியில் வெளியே கரண்டு கிடையாது. நல்ல நிலையில் இருக்கிற ரிலேயில் பத்து இருபது மில்லி செகண்டு. தேய்ந்துபோன ரிலேயில், அல்லது தொடுகிற இடம் கரி பிடித்த ரிலேயில், இன்னும் கூடும். ஃப்ரிட்ஜுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, ஓடுகிற மோட்டார் அந்த நேரத்தில் சுற்றிக்கொண்டே தாண்டிவிடும்.

கம்ப்யூட்டர் பவர் சப்ளையும் கொஞ்சம் தாங்கும். அதற்குள் தடியான ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. அதை மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், கீழே மோட்டார் நின்றாலும் தொட்டியில் இருக்கிற வரைக்கும் குழாயில் தண்ணீர் வரும். கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதி ரொம்ப காலமாகக் கேட்டுவந்தது, முழு லோடிலும் சுமார் 16 மில்லி செகண்டு தாங்க வேண்டும் என்று. விலை குறைந்த பவர் சப்ளைகளில் இந்தக் கெப்பாசிட்டரில்தான் கை வைப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் 380 வோல்டில் இருந்து 300 வரை இறங்குவதற்குள் கொடுக்கக்கூடிய சக்தி சுமார் 6 ஜூல். நீங்கள் டைப் அடிக்கும்போது மிஷின் சுவரில் இருந்து அறுபது வாட் இழுக்கிறது என்று வையுங்கள், அந்த 6 ஜூல் 100 மில்லி செகண்டுக்கு வரும். ரெண்டர் போட்டு, பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்துச் சுவரில் இருந்து 380 வாட் இழுக்கும்போது 16 மில்லி செகண்டுக்குள் தீர்ந்துவிடும். டைப் அடிக்கும்போது அணையாமல் ரெண்டரில் அணைவது இதனால் இருக்கலாம். கடையில் பகலில் வோல்டேஜ் நன்றாக இருந்திருக்கும், நடுவில் ரிலேயும் கிடையாது, அதனால் அங்கே அணையவில்லை.

இன்னொன்று. ஃப்ரிட்ஜும் அதே ஸ்டெபிலைசரில் இருக்கிறது என்றீர்கள். கம்ப்ரஸர் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஏற்கெனவே 170ல் தள்ளாடுகிற லைன் அந்த நொடியில் இன்னும் இறங்கும், உடனே ரிலே தாவும். அணைகிற நேரம் உங்களுக்கு ஒழுங்கில்லாமல் தெரிந்தது, ஆனால் ஃப்ரிட்ஜுக்கு அதில் ஒழுங்கு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இது இன்னும் ஊகம்தான், நிரூபிக்க வேண்டும். ராத்திரி வோல்டேஜ் மோசமாக இருக்கும்போது ரெண்டர் போடுங்கள். போனை ஸ்லோ மோஷன் வீடியோவில் வைத்து, ஸ்டெபிலைசர் டயலும் கம்ப்யூட்டர் திரையும் ஒரே சட்டத்தில் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். இன்புட் காட்டுகிற பட்டனை யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். அப்புறம் காத்திருங்கள்.


தாம்வே டீச்சர்:

அண்ணே, பிடித்துவிட்டோம்!

ராத்திரி கரண்டு வந்து தெருவெல்லாம் "மீ லாபி" (கரண்டு வந்துவிட்டது) சத்தம் அடங்கினதும் பெரிய பாடம் ஒன்றை ரெண்டர் போட்டோம். ஸ்டெபிலைசரை ஸ்டூல் மேல் தூக்கி வைத்து மானிட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அக்கா மகன் பட்டனை அழுத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முள் 172க்கும் 168க்கும் நடுவில் நடுங்கிக்கொண்டிருந்தது. ரிலே ஓரிரு தடவை டக் என்றது, கம்ப்யூட்டர் தாங்கிவிட்டது. அப்புறம் சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக் கிளம்பியது. முள் 150க்குக் கீழே சரிந்தது, டக்டக் என்று அடுத்தடுத்து இரண்டு சத்தம், திரை கறுப்பு. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். முதல் டக்கில் மேசை விளக்கு ஒரு கணம் மங்குகிறது. விளக்கு திரும்பி வருவதற்குள் இரண்டாவது டக். அந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் ஃபேனின் விளக்கு அணைகிறது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்துவிட்டன.

மனசு லேசாகிவிட்டது. நாங்கள் பூட்டின மிஷினில் குற்றம் இல்லை என்று தெரிந்ததும் அக்கா மகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இப்போது என்ன செய்வது? புது ஸ்டெபிலைசரா, யூபிஎஸ்ஸா?


மோல்மேன் மெக்கானிக்:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள் இரண்டு பேரும். தொழிலில் இருக்கிறவர்களே இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதில்லை. தம்பிக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் லேபிளில் இன்புட் 100-240 என்று இருக்கிறது. அந்தப் பவர் சப்ளை 100 வோல்ட் நாடு, 240 வோல்ட் நாடு இரண்டிலும் ஓடுவதற்காகச் செய்தது. 170 வோல்ட் அதற்குக் குறைவே இல்லை. வோல்டேஜ் குறைந்தால் கொஞ்சம் அதிகமாகக் கரண்டு இழுத்துச் சமாளித்துக்கொள்ளும்: 380 வாட்டுக்கு 230ல் 1.65 ஆம்பியர், 170ல் 2.2 ஆம்பியர், அவ்வளவுதான் வித்தியாசம். கம்ப்யூட்டருக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை. அதில் இருந்து எடுத்துவிடுங்கள். எடுத்தால் ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது வரும் சரிவு கம்ப்யூட்டருக்கும் வரும், ஆனால் சரிவை அது தாங்கும். வெட்டுத்தான் அதைக் கொல்கிறது.

ஃப்ரிட்ஜை ஸ்டெபிலைசரிலேயே விடுங்கள். கம்ப்ரஸர் மோட்டாருக்குக் குறைந்த வோல்டேஜ் ஆபத்து, கிளம்ப முடியாமல் நின்று சூடேறி காயில் போய்விடும்.

ஆனால் கம்ப்யூட்டரை வெறும் சுவரிலும் மாட்ட வேண்டாம். கரண்டு போய்த் திரும்ப வருகிற நேரத்தில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும். எத்தனையோ டிவி போர்டுகள் அப்படித்தான் என் மேசைக்கு வருகின்றன. ஒரு வோல்டேஜ் புரொடெக்டர் வாங்குங்கள், எண் காட்டுகிற சிறிய டப்பா, சுவருக்கும் பிளக்குக்கும் நடுவில் மாட்டுவது. அது வோல்டேஜைத் தூக்காது, எல்லை மீறினால் வெட்டும், கரண்டு வந்த பிறகு சில நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும். கீழ் எல்லையை நாமே வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடையில் இருந்து வரும்போது ஃப்ரிட்ஜுக்காக 180 மாதிரி வைத்திருப்பார்கள், அப்படியே மாட்டினால் அதுவே உங்கள் ரெண்டரை வெட்டும். 140க்குக் கீழே அந்த டப்பாவில் எவ்வளவு இறக்க முடியுமோ அங்கே வையுங்கள், மேல் எல்லை 250. யூபிஎஸ் பிறகு வாங்கலாம், கரண்டு மொத்தமாகப் போகும்போது சேவ் செய்து அணைக்க அது வேண்டும்தான்.

காசில்லாமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிராஃபிக்ஸ் கார்டுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். 170 வாட் 130க்குள் வந்துவிடும், ரெண்டர் கொஞ்சம்தான் மெதுவாகும். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் திறக்கிற மதர்போர்டின் அமைப்புத் திரையில், கரண்டு திரும்பினால் என்ன செய்வது என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை ஆஃப் என்று வையுங்கள். தானாக ஆன் ஆகிறது என்றீர்களே, கரண்டு விட்டு விட்டு வரும்போது அப்படி ஏறி ஏறி விழுவது எஸ்எஸ்டிக்கு நல்லதில்லை.


தாம்வே டீச்சர்:

புரொடெக்டர் வாங்கி மாட்டிவிட்டோம், கீழ் எல்லை 130, மேலே 250. ராத்திரி டப்பாவில் எண் 166, 171 என்று ஓடிக்கொண்டிருக்க, ஃப்ரிட்ஜ் பலமுறை கிளம்பி நின்றது. கம்ப்யூட்டர் அசையவில்லை. க வரிசையில் இருந்து ப வரிசை வரை ஒரே ராத்திரியில் ரெண்டர் முடித்துவிட்டேன். பெகுவுக்கும் தட்டோனுக்கும் காலையில் அனுப்பியாயிற்று.


பெகு பையன்:

மெக்கானிக் அண்ணே, என் மிஷினும் ராத்திரியில் எப்போதாவது அணைகிறது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு லேபிளைப் பார்த்தேன், 200-240 என்றுதான் இருக்கிறது. வீட்டில் இன்னொரு பழைய பவர் சப்ளை கிடக்கிறது, அதில் பின்னால் சிவப்பு சுவிட்ச், 115, 230 என்று. வோல்டேஜ் குறைவாக இருக்கும் நேரத்தில் அதை 115ல் வைத்து ஓட்டலாமா?


மோல்மேன் மெக்கானிக்:

வேண்டாம் தம்பி. எந்தக் காரணத்துக்கும் அந்தச் சிவப்பு சுவிட்சைத் தொடாதே. 115ல் வைத்தால் உள்ளே வருகிற வோல்டேஜை இரட்டிப்பாக்குகிற சர்க்யூட் வேலை செய்யும். 170 வோல்டே அந்தக் கெப்பாசிட்டர்களுக்கு அதிகம், 480 வோல்டுக்குப் பக்கத்தில் ஏறிவிடும், அவை சேர்ந்து தாங்குவது 400தான். வெடிக்கும். மிஷினோடு உன் முகமும் பக்கத்தில் இருக்கும்.

200-240 என்று இருந்தால் டீச்சரம்மா செய்தது உனக்குப் பொருந்தாது, உனக்கு வோல்டேஜைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ரிலே இல்லாமல் மோட்டார் வைத்துக் காயில் மேல் கார்பன் பிரஷ் நகர்கிற சர்வோ வகை ஸ்டெபிலைசர் இருக்கிறது. அதில் தாவல் கிடையாது, வெட்டும் கிடையாது. விலை கூட. இல்லை என்றால் பணம் சேர்ந்ததும் 100-240 லேபிள் பார்த்து ஒரு பவர் சப்ளை வாங்கிக்கொள். வாட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியைப் பார்.


தாம்வே டீச்சர்:

அண்ணே, இன்னும் ஒரு சின்னக் கேள்வி. ஸ்டெபிலைசரில் இருந்து எடுத்து மாட்டின பிறகு, மிஷினின் இரும்புப் பெட்டியில் வெறும் காலோடு நின்று கை வைத்தால் லேசாகச் சுருக்கென்று ஒரு மாதிரி இருக்கிறது. மழை நேரம் என்பதாலா? எங்கள் வீட்டுப் பிளக்கெல்லாம் பழைய இரண்டு ஓட்டைப் பிளக்.


மோல்மேன் மெக்கானிக்:

இது சின்னக் கேள்வி இல்லை டீச்சரம்மா, கேட்டது நல்லதாயிற்று. எர்த் இல்லாததுதான் காரணம். பவர் சப்ளைக்குள் லைனில் இருந்து ஒன்றும் நியூட்ரலில் இருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும், கரண்டில் வரும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட. எர்த் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி வீட்டு வோல்டேஜில் சுமார் பாதியில் நிற்கும். பாய்வது மில்லி ஆம்பியருக்கும் குறைவு, அதனால் சுருக்கென்பதோடு நிற்கிறது. ஆனால் பவர் சப்ளையில் என்றைக்காவது உண்மையான லீக் வந்தால் தடுக்க ஒன்றும் இருக்காது. எர்த் போடுகிற வரை ரப்பர் செருப்போடு இருங்கள், பிளக்கை எடுக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள், யூஎஸ்பி ஒயரோ மானிட்டர் ஒயரோ மாட்டும்போதும் அப்படியே.

சிலர் எர்த் முள்ளை நியூட்ரலோடு இணைத்துக் கொடுப்பார்கள், தண்ணீர்க் குழாயில் கட்டுவார்கள். இரண்டையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் அந்தப் பெட்டி முழு வோல்டேஜில் நிற்கும், குழாயில் கட்டினால் குளிக்கிறவர் மேல் வரும். கட்டடத்தின் கீழே மீட்டர் போர்டு பக்கத்தில் எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே இருந்து பச்சை ஒயர் ஆறாவது மாடிக்கு இழுக்கச் சொல்லுங்கள், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், நடுவில் முடிச்சு இல்லாமல். இல்லை என்றால் புதிதாகக் கம்பி அடிக்க மற்ற வீட்டுக்காரர்களையும் கேளுங்கள், எல்லோருக்கும் பயன்படும் வேலை என்பதால் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். இழுக்கிற அன்றைக்கு ஃப்ரிட்ஜ் பிளக்கையும் மூன்று முள் பிளக்காக மாற்றி அதே எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.